இரண்டு வண்டிகளை ஒப்பிட்ட சாலை

வாருங்கள், வாசகப் பெருமக்களே! ஓசூரிலிருந்து பாகலூர் செல்லும் சாலையில் இந்தச் சின்னப் பாலத்தின்மேல் வந்து நில்லுங்கள். கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. அதைத் தொட்டுப் பாருங்கள். 2007ஆம் ஆண்டு மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, முதல் ஷிப்டு முடித்து மிதிவண்டியில் வீடு திரும்பிய வெள்ளைச்சாமி என்னும் ஒப்பந்தத் தொழிலாளி, இந்தச் சுவருக்கும் ஒரு கறுப்பு உல்லாச வாகனத்தின் முகப்புக்கும் இடையே நசுங்கி உயிர்விட்டார். விருதுநகர்ச் சீமையில் மழை பொய்த்ததால் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவர். இரும்பு வார்க்கும் ஊரில் அவருக்குக் கிடைத்தது இரும்பால் ஒரு சாவு.

அந்தச் சாவைப் பற்றிக் காவல்துறை எழுதியவை மூன்றே வரிகள். மோதிய வாகனம் ஒன்று. ஓட்டியவர் கங்கப்பன், வயது நாற்பத்தைந்து, தொழில் டிரைவர். ஹாரன் அடித்தும் இறந்தவர் ஒதுங்கவில்லை.

மூன்று வரிகளில் எத்தனை பொய் என்று எண்ணிச் சொல்லத்தான் உங்களை அழைத்தது. எண்ணுவதற்கு அவகாசம் அதிகமில்லை. நாளைக் காலை பதினோரு மணிக்கு ஓசூர் நீதிமன்றத்தில் கங்கப்பன் நிற்பார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?" என்று நடுவர் கேட்பார். "ஆமாங்க" என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழுந்தால் போதும், வழக்கு முடிந்துவிடும். கங்கப்பன் சிறைக்குப் போவார், உண்மை குழிக்குப் போகும்.

இந்த நிலையில்தான் அவருடைய மனைவி பொற்கொடி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர்க் கடையின் மாடியில் இருக்கும் சகாயநாதனின் அலுவலகத்துக்கு மறுபடியும் வந்திருந்தாள். சகாயநாதன் இருபது ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனங்களுக்காக நொறுங்கிய வண்டிகளை அளந்தவர்; இப்போது நொறுங்கிய உண்மைகளை அளக்கும் துப்பறிவாளர். அவருடைய உதவியாளர் கெசியா, உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்தவள். தவறான பாகத்தைச் சரியென்று கையெழுத்திட மறுத்ததற்காக வேலை இழந்தாள். நாக்கை மட்டும் இழக்கவில்லை.

"அவரு கம்பெனி லாரி ஓட்டறவரு, அந்தக் கறுப்பு வண்டியத் தொட்டதே இல்லைங்க சார்" என்றாள் பொற்கொடி. "சின்ன முதலாளி கௌதமு, அந்த வண்டிச் சாவிய யாருகிட்டயும் குடுக்கமாட்டாராம். பொழுதன்னிக்கும் விரல்ல சுத்திக்கினே திரிவாராம். எங்க வீட்டுக்காரர் பெட்ரோல் போட எடுத்துக்கினு போனாருன்னு எழுதியிருக்காங்க. நம்பற மாதிரியா கீது?"

"பின்ன ஏன்மா ஒப்புக்கிட்டார்?" என்று கேட்டாள் கெசியா.

பொற்கொடி முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். "பொண்ணு ரஞ்சிதாவுக்கு நர்சிங் காலேஜ்ல சீட்டு வாங்கித் தர்றோம்னு பெரிய முதலாளி சொன்னாராம். ஜாமீன்ல வந்த மனுசன வீட்டுக்குக் கூட உடாம கம்பெனி குவார்ட்டர்ஸ்லயே வெச்சிருக்காங்க. காவலுக்கு ஒரு ஆளு. நான் போனா, 'போயிடு பொற்கொடி, நான்தான் ஓட்டுனேன்'றாரு. வேற ஒரு வார்த்தை இல்ல."

"நானும் போன வாரம் கேட்டேன்" என்றார் சகாயநாதன். "கறுப்பு வண்டிய ஓட்டினது யாருன்னு மூணு விதமாக் கேட்டேன். மூணு தடவையும் அதே பதில்தான்."

"பூட்டு மாறலைன்னா சாவிய மாத்திப் பார்க்கணும் சார்" என்றாள் கெசியா.

"அதுக்குத்தான் கௌதம்கிட்ட போறோம். சாவி சுத்தற ஆளாச்சே."

*

கௌதமின் தந்தை ரத்தினவேலின் இரும்பு வார்ப்பாலை சிப்காட் தொழிற்பேட்டையின் ஒரு மூலை முழுவதையும் விழுங்கியிருந்தது. வாசலில் இரண்டு வரிசைகள். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சாம்பல் சட்டை. ஒரே உலைக்கு முன்னால் ஒரே வெப்பத்தில் வேகும் உடம்புகளுக்கு இரண்டு நிறம் கண்டுபிடித்த மூளையை எந்த மன்றத்தில் நிறுத்தி விசாரிப்பது? வெள்ளைச்சாமியும் சாம்பல் சட்டைக்காரர்தான். ஆனால் இந்த ஆலையில் அல்ல, நான்கு வாசல் தள்ளி வேறோர் ஆலையில். எந்த வாசல் என்றாலும் சாம்பல் சாம்பல்தான்.

கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கும் பெருமுதலாளி ஒருவரின் ஆட்கள் என்று சொல்லித்தான் இருவரும் உள்ளே நுழைந்தார்கள். அந்த முதலாளி உல்லாச வண்டி வாங்கப் போகிறார். கறுப்பு டோர்வாலா, நீல கிரான்மோரா என்று தவிக்கிறார். இரண்டையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த அனுபவசாலி கௌதம் என்று கேள்விப்பட்டார். இவ்வளவு போதுமாக இருந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய கௌதமுக்கு இருபத்தாறு வயது. வண்டியைப் பற்றிப் பேசக் காது கிடைத்தால் காப்பி வரும்வரை கூடக் காத்திருக்கமாட்டான்.

"எங்க முதலாளிக்குக் கல்லு ஏத்தற லாரியைத்தான் தெரியும் சார்" என்று கெசியா பணிவாகத் தொடங்கினாள். "அதுல எவ்வளவு சீக்கிரம் நிக்குதுன்னு பார்ப்பாரு. எவ்வளவு சீக்கிரம் ஓடுதுன்னு பார்த்ததே இல்லை."

கௌதம் சிரித்தான். "அப்படின்னா டோர்வால்ல ஒரு தடவை உட்காரச் சொல்லுங்க. எட்டு சிலிண்டர். ஜீரோல இருந்து நூறுக்கு அஞ்சே முக்கால் செகண்டு. சீட்டு இடுப்பை அப்படியே கவ்விப் பிடிக்கும். ஸ்டீயரிங் கொஞ்சம் கனம்தான், ஆனா ரோடு கைக்குள்ள வந்துடும். ஆக்சிலேட்டர்ல நகம் பட்டாப் போதும், முதுகு சீட்டுக்குள்ள புதையும்."

"கிரான்மோர்?"

"அது வேற ஜாதி. சத்தம் இருக்கே, அப்பா! நூத்தி நாப்பதுல போறப்போ நெஞ்சுக்குள்ள இடிக்கும். அந்த வேகத்திலயும் பாடி ஒரு பக்கமாச் சாயாது. முன்பக்க கிரில்லு, லைட்டு, எல்லாம் மிரட்டற அழகு." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "சும்மா வாய்ல சொல்றதில்ல நான். பாயின்ட் பாயின்டா டைப் பண்ணியிருக்கேன். ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க."

"ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டினீங்களா?" சகாயநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

கௌதமின் விரலில் சுழன்றுகொண்டிருந்த சாவி நின்றது. "இல்ல. தனித்தனியாத்தான். கறுப்ப முதல்ல ஓட்டிப் பார்த்தேன். அதுக்கப்புறம் எங்க டிரைவர் அதை எடுத்துட்டுப் போய் ஒரு ஆக்சிடென்ட் பண்ணிட்டான். அன்னிக்கு நீலம் ஷெட்டை விட்டு வெளியவே வரல. ரெண்டு வாரம் கழிச்சு கிருஷ்ணகிரி நாலுவழி ரோட்ல நான் ஒருத்தனாவே அதை ஓட்டிப் பார்த்தேன். அப்பா நீலத்தையே வாங்கிட்டாரு. கறுப்பு ராசி இல்லையாம்."

ஒரு மனிதனின் சாவுக்கு அந்த அறையில் கிடைத்த அனுதாபம் அவ்வளவுதான். வண்டிக்கு ராசி இல்லை.

"செத்துப்போன ஆளுக்கு எந்த வண்டி ராசி சார்?" என்று கெசியா கேட்டுவிட்டாள். சகாயநாதன் அவள் காலை மிதிப்பதற்கு ஒரு நொடி பிந்திவிட்டார்.

கௌதம் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அவன் ஒதுங்கல மேடம். ஹாரன் அடிச்சும் ஒதுங்கல."

"நீங்க பார்த்தீங்களா?"

"டிரைவர் சொன்னான்" என்றான் கௌதம். எழுந்து கதவைத் திறந்துவிட்டான்.

*

சகாயநாதனின் பழைய ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்திருந்த கெசியா, காற்றில் படபடக்கும் அந்தத் தாளைப் படித்துக்கொண்டே வந்தாள். ஆறு ஆண்டுகள் அளவுத்தாள்களோடு குடும்பம் நடத்திய கண்கள் அவளுடையவை. ஆகவே கோபத்தோடு படித்தாள்.

"சார், இவனை எங்க பழைய சூப்பர்வைசர்கிட்ட விட்டிருந்தா காதைத் திருகியிருப்பாரு. ரெண்டு பீஸை ஒப்பிடணும்னா ரெண்டையும் ஒரே இடத்துல, ஒரே கேஜ் வெச்சு அளக்கணும். இவன் ஒண்ணுக்கு உள்விட்டத்தை அளந்திருக்கான், இன்னொண்ணுக்கு வெளிவிட்டத்தை அளந்திருக்கான்!"

ஸ்கூட்டர் நின்ற வேகத்தில் அவள் நெற்றி சகாயநாதனின் முதுகில் மோதியது.

"அதைத் திருப்பிச் சொல்லு."

"மன்னிச்சுக்கோங்க சார், வண்டிய நிறுத்தற அளவுக்கு நல்ல ஜோக் இல்லை அது."

"கெசியா, கறுப்புக்கு என்னென்ன எழுதியிருக்கான்?"

"சீட்டு, ஸ்டீயரிங், ஆக்சிலேட்டர், உள்ள சத்தம் வராதது, கியர் மாறுறது தெரியாதது."

"நீலத்துக்கு?"

"எக்ஸாஸ்ட் சத்தம், முன்னாடி கிரில்லு, ஓடறப்போ பாடி சாயாதது, பக்கக் கண்ணாடியில தெரியற லைட்டு..." அவள் நிறுத்தினாள். "சார்! இதுல நீலத்தோட சீட்டே இல்லை."

"இல்லை. அவன் நீலத்துக்குள்ள உட்கார்ந்து எதையும் எழுதலை. நூத்தி நாப்பதுல ஓடற நீலத்தை வெளிய இருந்து பார்த்திருக்கான். அந்த வேகத்துல ஓடற வண்டியோட சத்தம் நெஞ்சுல இடிக்கணும்னா பார்க்கறவன் எங்க இருக்கணும்?"

"பக்கத்துல. அதே வேகத்துல. கறுப்புக்குள்ள" என்றாள் கெசியா. தாள் அவள் கையில் கசங்கியது. "ரெண்டு வண்டியும் ஒண்ணாப் போயிருக்கு! அப்படின்னா அன்னிக்கு..."

"அவசரப்படாதே. என்னிக்குன்னு இந்தத் தாள்ல இல்லையே. அந்தச் சனிக்கிழமை நீலமும் வெளிய வந்துச்சுன்னு யாராவது சொல்லணும். போலீஸ்காரங்ககிட்ட போன மனுசன் பொய் சொல்லலாம். ரத்தினவேல் வாசல்ல எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்குதே, பார்த்தியா? அந்த மாதிரி ஆள், பொய் சொல்லத் துணியாத இடம் ஒண்ணு இருக்கும்."

*

தளி சாலைப் பிரிவுக்கு அருகில் ஒரு முனீஸ்வரன் கோயில். புதிய லாரியானாலும் பழைய வேனானாலும் அங்கே நின்று பூசை போட்டுத்தான் ஓடும். வண்டி எதிலாவது மோதிவிட்டால், பூசணிக்காயைச் சுற்றி உடைத்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, தோஷம் கழித்த பிறகே அதில் ஏறுவார்கள். இந்த வட்டாரத்து வழக்கம் அது. பழத்தை நசுக்கினால் பாவம் தீரும் என்று நம்பும் நாடு, மனிதனை நசுக்க ஏன் அஞ்சும்?

"எங்க சர்ச்சுல ஜெபம் மட்டும்தான் சார்" என்றாள் கெசியா. "பூசணிக்காய்ச் செலவு மிச்சம்."

"எங்க சாமியார் தண்ணி தெளிப்பாரு. அதனால டிரைவரோட தூக்கம் கலைஞ்சா அதுதான் பலன்" என்றார் சகாயநாதன்.

கோயிலுக்கு எதிரே பூசணிக்காயும் பூவும் விற்கும் சென்னம்மா, வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் வாடிக்கையாளரிடம் தமிழும் பேசும் பெண்மணி. கெசியா நான்கு முழம் கதம்பம் வாங்கினாள். எங்கள் வண்டியும் ஒரு ஆலைக்காரர் வண்டி மாதிரி எதிலோ இடித்துவிட்டது, அவர் இங்கே கழித்தாராமே என்று பேச்சைப் பிடித்தாள்.

"யாரு, வார்ப்படக் கம்பெனி பெரியவரா? ஆமாம்மா. மாசியில ஒரு சனிக்கிழமை. மூணரை மணி இருக்கும், நான் அப்பத்தான் சோத்துக்குண்டானைத் தொறந்தேன். கறுப்பா ஒரு பெரிய வண்டி, முன்னாடி லைட்டு ஒடைஞ்சு தொங்குது. அய்யோ, அதுல ஒரு துண்டுத் துணி வேற மாட்டிக்கினு இருந்துச்சு." சென்னம்மா குரலைத் தாழ்த்தினாள். "சாம்பல் கலரு."

கெசியாவின் கையிலிருந்த பூ நழுவியது.

மூன்றேகாலுக்கு மனிதன் விழுந்தான். மூன்றரைக்குக் கோயில். காவல் நிலையத்தில் கங்கப்பன் நிறுத்தப்பட்டது மாலை ஆறு மணிக்கு. மருத்துவமனைக்கு யாரும் போகவே இல்லை. எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதில் அந்தக் குடும்பத்துக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை.

"ஒரு பூசணிக்காய்தானே வாங்கினாரு?" என்று மெல்லக் கேட்டார் சகாயநாதன்.

"ரெண்டு சாமி! எட்டு எலுமிச்சம்பழம். பின்னாடியே நீலக் கலர்ல இன்னொரு வண்டி நின்னுச்சே. அதுல ஒரு கீறல் இல்ல. பெரியவரு அவரோட பழைய கார்ல தனியா வந்தாரு. நான்தான் கேட்டேன், அடிபட்டது ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டுன்னு. 'ரெண்டும் ஒண்ணாத்தான் ஓடுச்சு, தோஷம் ரெண்டுக்கும் உண்டு'ன்னாரு."

"வண்டிய ஓட்டினவங்க யாருன்னு பார்த்தீங்களாம்மா?"

"கண்ணாடி பூரா கறுப்புல்ல ஒட்டியிருந்துச்சு? எறங்கவே இல்ல. பூசாரி பூசணிக்காயச் சுத்துனாரு, பழத்து மேல வண்டி ஏறுச்சு, போயிட்டாங்க."

"இதை நாளைக்குக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

சென்னம்மாவின் முகம் கடையின் தட்டியைப் போல மூடிக்கொண்டது. "கோர்ட்டா? வேணாம் சாமி. அந்தக் கம்பெனி லாரி வந்தாத்தான் எனக்கு அடுப்பு எரியும். நான் ஒண்ணும் பாக்கல. பூவை எடுத்துக்கினு போங்க."

முனீஸ்வரனிடம் சொன்ன உண்மையை முதலாளி காவல் நிலையத்தில் சொல்லவில்லை. கடைக்காரியோ கண்ணால் கண்டதை மன்றத்தில் சொல்லமாட்டாள். திரும்பும் வழியில் கெசியா தாளை மறுபடி பிரித்தாள்.

"சார், கறுப்பை கௌதம் ஓட்டியிருக்கான். பெரியவர் பழைய கார்ல தனியா வந்திருக்கார். அப்போ நீலத்தை ஓட்டினது யாரு?"

"தாளோட கடைசி வரியைப் படி."

நீலத்துக்கு நேரே, பிரேக் என்ற தலைப்பில், ஒரு குறை எழுதப்பட்டிருந்தது: புறப்பட்டவுடன் இரண்டு முறை திடீரெனக் குலுங்கி நின்றது.

"எண்பது லட்சத்து வண்டி எதுக்கு சார் குலுங்கி நிக்கணும்?"

"நாளைக்குக் காலைல கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்" என்றார் சகாயநாதன். "கேட்க வேண்டிய ஆள் யாருன்னு எனக்கு இப்போ தெரியும்."

*

மறுநாள் பத்து நாற்பது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் கங்கப்பன் சுவரோடு சுவராக நின்றிருந்தார். கம்பெனி வக்கீல் உள்ளே போயிருந்தார். காவலுக்கு வந்த ஆள் மட்டும் அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வாசல்ல நிக்கற சிவப்பு பைக் உங்களுதா?" என்று பதறிய முகத்தோடு கேட்டாள் கெசியா. "நோ பார்க்கிங்னு போலீஸ் வேன்ல ஏத்தறாங்க!"

அவன் பாய்ந்தான். சிவப்பு பைக் யாருடையது என்று கெசியாவுக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆளின் கையில் ஹெல்மெட் இருந்தது, அது சிவப்பு.

சகாயநாதன் கங்கப்பனின் எதிரே வந்து நின்றார். "கறுப்பு வண்டியைப் பத்தி நான் கேட்க வரலை. அதை எல்லாரும் கேட்டாச்சு. யாருமே கேட்காத ஒண்ணைக் கேட்கறேன். நீல வண்டியை ஓட்டினது யாரு?"

கங்கப்பனின் கண்கள் ஒருமுறை மூடித் திறந்தன. முப்பத்தெட்டு நாட்களாகக் கட்டி வைத்த மடை அந்தக் கேள்விக்கு மட்டும் கட்டப்படவில்லை.

"உங்களுக்கு லாரி ஓட்டிப் பழக்கம்" என்றார் சகாயநாதன். "அந்த வண்டியில கிளட்சே இல்லை. பிரேக் பெடல் மட்டும் அகலமா இருக்கும். கியர் மாத்தறதா நெனச்சு இடது கால் அதை மிதிச்சிடும். வண்டி குலுங்கி நிக்கும். இந்த மாதிரி வண்டிய முதல் தடவை தொடற லாரி டிரைவர் அத்தனை பேரும் செய்யற தப்பு. கௌதம் செய்யமாட்டான். ரெண்டு தடவை நின்னுச்சு, இல்லையா?"

"ரெண்டு தடவைங்க" என்றார் கங்கப்பன். அவர் குரல் தரையைப் பார்த்துப் பேசியது. "சின்னவரு திட்டுனாரு. இடது காலை சீட்டுக்கு அடியில மடக்கி வெச்சுக்கோ, வலது காலை அழுத்திக்கினே இரு, நான் கை காட்டற வரைக்கும் எடுக்காதன்னாரு. தனித்தனியா ஓட்டுனா எது ஒசத்தின்னு தெரியலையாம். பக்கத்துல பக்கத்துல உட்டாத்தான் தெரியுமாம். நான் என் பக்கத்துல வரேன், அவரு எதிர்ப்பக்கத்துல வராரு. பாலம் வருது. எதுக்கால சைக்கிளு."

"பார்த்தீங்களா?"

"நல்லாப் பாத்தேங்க. பெல்லு அடிக்கறாரு அந்த மனுசன். எங்க ரெண்டு வண்டிக்கும் பெல்லு அடிக்கறாரு! நான் காலை எடுத்திருந்தா, சின்னவரு என் மின்னாடி நுழைஞ்சிருப்பாரு. எடுக்கலைங்க. அவரு இன்னும் கை காட்டல. இருவத்திரெண்டு வருசமா சொன்னத மட்டுமே செஞ்ச காலுங்க இது." அவர் தம் வலது தொடையில் குத்திக்கொண்டார். "பொற்கொடி என்னை நிரபராதின்னு நெனச்சுக்கினு இருக்கா. நான் நிரபராதி இல்லைங்க. அதனாலதான் ஒத்துக்கிட்டேன். எப்படியும் எனக்கு ஜெயிலுதான் நியாயம். பொண்ணுக்காவது சீட்டு கெடைக்கட்டும்னு."

கெசியா திகைத்து நின்றாள். குற்றமற்றவனை மீட்க வந்த இருவருக்கும் கிடைத்தவன் பாதிக் குற்றவாளி. ஆனால் மீதிப் பாதிக்கு உரியவன் அப்போதுதான் வாசலில் நீல கிரான்மோரிலிருந்து தந்தையோடு இறங்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க நிரபராதின்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் சகாயநாதன். "உங்க தப்பை நீங்க சொல்லுங்க. அவங்க தப்பை எதுக்கு நீங்க சுமக்கறீங்க?"

"பொண்ணு..."

"அண்ணா" என்றாள் கெசியா. "உங்க பொண்ணு நர்ஸாகி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ரோட்டுல அடிபட்டு வர்ற ஆளை அவதான் முதல்ல தொடணும். ஒவ்வொரு தடவையும் இந்த சீட்டு எப்படி வந்துச்சுன்னு அவளுக்கு ஞாபகம் வரட்டுமா?"

மணி பதினொன்று. கங்கப்பனின் பெயர் அழைக்கப்பட்டது.

நடுவர் குற்றச்சாட்டைப் படித்தார். ஒரு வாகனம், அதிவேகம், அஜாக்கிரதை, மரணம். ஒப்புக்கொள்கிறீரா என்றார். மன்றத்தின் பின்வரிசையில் பொற்கொடி கைகளைப் பிசைந்தாள். அவளுக்கு இரண்டு இருக்கை தள்ளி, வெள்ளைச்சாமியின் மனைவி பேச்சியம்மாள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க ஐயா" என்றார் கங்கப்பன். "ஒரு வண்டி இல்லைங்க. ரெண்டு வண்டி. கறுப்பைச் சின்ன முதலாளி ஓட்டுனாரு. நீலத்தை நான் ஓட்டுனேன். ரோடு முழுக்க எங்க ரெண்டு வண்டிதான் ஐயா. என் தப்புக்கு என்னை உள்ள போடுங்க. அந்த மனுசன் ஒதுங்கலன்னு எழுதியிருக்கறத மட்டும் அடிச்சுடுங்க."

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். கட்சிக்காரர் மனநிலை குழம்பியிருக்கிறது என்றார். ரத்தினவேல் மகனின் தோளைப் பற்றினார். பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு குரல் எழுந்தது. அழுகையாக எழவில்லை, கேள்வியாக எழுந்தது.

"ரெண்டு வண்டியா வந்தீக?" பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார். "ஒருபக்கம் செவுரு, ரோடு பூரா ரெண்டு வண்டி. அப்பொறம் எம்புருசன் எங்கிட்டுத்தான்யா ஒதுங்குவாரு? ஒதுங்கலைன்னு எழுதுனவுக வந்து எடத்தக் காட்டுங்கய்யா!"

மன்றத்தில் ஒருவர்கூட அவரை உட்காரச் சொல்லவில்லை.

சகாயநாதன் கௌதமின் தாளை மேசைக்கு அனுப்பினார்; நடுவர் அதைப் படித்து நெடுநேரம் எழுதினார். பிறகு தலைநிமிர்ந்து அரசு வழக்கறிஞரிடம் கேட்டார்: "ஷிப்டு முடிகிற நேரம். கம்பெனி பஸ் நிற்கிற இடம். சாலையில் ஆள் நடமாட்டம் இருந்திருக்குமே. சாட்சிப் பட்டியலில் ஏன் இரண்டே பெயர்கள்? அந்த இரண்டு பேரும் ஏன் இவருடைய முதலாளியிடம் வேலை செய்பவர்கள்?"

அரசு வழக்கறிஞர் பட்டியலைப் புரட்டினார். நடுவர் தொடர்ந்தார்.

"குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் வாக்குமூலத்தையும் ஒரு தாளையும் வைத்து இன்னொருவரைத் தண்டிக்க முடியாது. அடுத்த மாதம் பதினான்காம் தேதிக்குள் கண்ணால் கண்டவர்கள் யாராவது வந்தால் விசாரிக்கிறேன். வராவிட்டால், இந்த மனிதர் மட்டும்தான் இந்த வழக்கில் மிஞ்சுவார்."

சகாயநாதன் தம் கண்ணாடியைக் கழற்றினார். துப்பறிவாளன் செய்யக்கூடியது அங்கே முடிந்துவிட்டது. "அன்னிக்கு அந்தப் பாலத்துப் பக்கம் நாப்பது பேர் நின்னாங்க கெசியா. பஸ்ஸுக்கு நாப்பது பேர்" என்று மட்டும் சொன்னார். கெசியா தன் குறிப்பேட்டைத் திறந்து பதினான்கு என்று எழுதினாள். பிறகு அதன் கீழே எழுதுவதற்குப் பெயர் எதுவும் இல்லாமல் பேனாவோடு நின்றாள்.

அந்த நாற்பது பேரே! உங்களைத்தான் கேட்கிறது இந்தக் கதை. டீக்கடைப் பெஞ்சில் இருந்தவரே, பஸ் படியில் தொங்கியவரே, பேரிகை ஊருக்குத் தக்காளி ஏற்றிப்போன வேன்காரரே! நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் காதில் அந்த மிதிவண்டி மணி ஒலித்தது. மேஸ்திரி முறைப்பான், வேலை போய்விடும், நமக்கேன் வம்பு என்று வீட்டில் பேசிக்கொண்டீர்கள். நாளை உங்கள் மகன் அதே பாலத்தில் அதே சட்டையோடு வருவான்; அவனைப் பார்த்தவர்களும் இதையேதான் வீட்டில் பேசுவார்கள். இதைப் படித்துக் கையில் வைத்திருப்பவரே, நீங்கள் அந்தப் பாலத்தில் நின்றதில்லை என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் ஊர்ச் சாலையில் நீங்கள் கண்டும் காணாமல் வந்த ஒன்று உண்டு. அது எந்த நாள், எந்த வண்டி, எந்த மனிதன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்திருங்கள். செருப்பை மாட்டுங்கள். நீதிமன்றத்துக்கு வழி கேட்டுப் போங்கள். கூண்டில் ஏறி, பெயரைச் சொல்லி, கண்டதைச் சொல்லுங்கள்!